வேருக்குக் கவாத்து

கார்த்திகை பிறந்தால் மல்லிகைத் தோட்டங்களில் கவாத்து தொடங்கும். முருங்கைக் கன்று இரண்டரை அடி வளர்ந்ததும் கொழுந்தைக் கிள்ளி எறிவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நுனி போனால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளை பெருகினால் பூவும் காயும் பெருகும். மண்ணுக்கு மேலே காலங்காலமாகச் செய்துவரும் இந்த வேலையை மண்ணுக்குள்ளே வேருக்கும் செய்யலாம். அதற்குக் கத்திரி வேண்டாம், காற்று போதும். துணித் தொட்டி என்று இப்போது நர்சரிகளில் விற்கும் கறுப்புப் பையின் சூட்சுமம் இதுதான்.

துணி என்றதும் பருத்தியோ கோணிச் சாக்கோ நினைவுக்கு வர வேண்டாம். இது பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல், முள் ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னிப் பிணைத்த கம்பளம் போன்ற பொருள். சாலை போடும்போது மண் அரிக்காமல் இருக்க விரிக்கும் ஜியோ டெக்ஸ்டைல் வகையைச் சேர்ந்தது. நீரும் காற்றும் இதற்குள் புகும். மண் வெளியே வராது.

நம் ஊரில் 'குரோ பேக்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இது அல்ல. வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்றிருக்கும் பாலித்தீன் பையோ, உரச்சாக்குபோல நெய்து மேலே பிளாஸ்டிக் பூசிய பையோதான் வரும். 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்களைக் கொடுக்கத் தொடங்கியபோது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததும் பாலித்தீன் பையும் தென்னை நார்க்கழிவுக் கட்டியும்தான். அவை மலிவானவை, வேலைக்கும் உதவும். ஆனால் அடிப்படையில் அவை மடிக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டிகள். நெய்த பையைத் துணி என்று சொல்லி விற்கும் கடைகளும் உண்டு. சந்தேகம் வந்தால் பையின் சுவரில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால் துணி, படாவிட்டால் பிளாஸ்டிக்.

சுவரில் முட்டும் வேர்

இரண்டு மூன்று ஆண்டுகள் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ந்த செம்பருத்தியை ஒருமுறை கவிழ்த்து உருவிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மண் உதிராது. தொட்டியின் அச்சாகவே ஓர் உருளை வெளியே வரும். அதன் பக்கங்களில் மண்ணே தெரியாதபடி வேர் படர்ந்திருக்கும். அடியிலோ விரல் தடிமனுள்ள வேர்கள் சும்மாடுபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். அந்த உருளையைக் கத்தியால் பிளந்து நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே மண் பொலபொலவென்று இருக்கும், வேர் மிகக் குறைவு. நாம் விலை கொடுத்து வாங்கி நிரப்பிய மண்ணில் ஒரு பெரும்பங்கைச் செடி தொடவே இல்லை.

வேரின் நுனி எப்போதும் முன்னே போய்க்கொண்டே இருக்கும். கல்லோ சுவரோ தடுத்தால் அதை ஒட்டியபடி வழி தேடும். வட்டமான வழவழப்பான தொட்டியில் அந்த வழிக்கு முடிவே கிடையாது. நுனி உயிரோடு இருக்கும்வரை தனக்குப் பின்னால் பக்கவேர்கள் கிளம்புவதை அது அடக்கியும் வைக்கும். ஆகவே வேர் நீளும், கிளைக்காது. நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை இளம் வேர்களும் அவற்றின் வேர்த்தூவிகளுமே. வயதாகித் தடித்த வேர் வெறும் குழாய்தான்.

ஒரு பருவத்தில் முடிந்துபோகும் வெண்டைக்கும் கத்தரிக்கும் இந்தச் சுருளால் பெரிய நட்டம் இல்லை. மரக்கன்றுக்கு அப்படியல்ல. பாலித்தீன் பையில் மாதக்கணக்கில் கிடந்து வேர் சுருண்ட மாங்கன்றை அப்படியே குழியில் வைத்தால் சுருண்ட வேர் சுருண்டபடியே தடிக்கும். சில ஆண்டுகளில் அது அடிமரத்தையோ பக்கத்து வேரையோ இறுக்கத் தொடங்கும். மரம் மேலே தழைத்திருந்தாலும் பிடிமானம் இருக்காது. பையைக் கிழித்து நடும்போது சுருள்வேரை அறுத்துவிடச் சொல்வது அதனால்தான். வனத்துறை நாற்றங்கால்களில் தைலமரக் கன்றுகளை ரூட் டிரெய்னர் என்ற கூம்புக் குழிகளில் வளர்ப்பதும் இதே கவலையால்தான். அந்தக் குழியின் உட்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் வரிகள் வேரைச் சுற்றவிடாமல் கீழே இறக்கும். அடியில் திறப்பு இருக்கும். இந்தக் குழிகள் அடங்கிய தட்டை உயரமாகத் தாங்கியில் வைப்பதால் வேர் நுனி வெட்டவெளிக்கு வந்து காய்ந்துவிடும்.

காற்றே கத்திரி

வேர் நுனி மிக மென்மையானது. இலையின் மேலே இருக்கும் மெழுகுப் படலம்போன்ற பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ஈரமான மண்ணைத் தாண்டி உலர்ந்த காற்றில் தலைநீட்டினால் சீக்கிரமே வாடிக் கருகும். நுனி இறந்ததும் அதன் அடக்குமுறையும் முடிந்தது. சற்றுப் பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளம்பும். அவையும் சுவர்வரை வந்து நுனி கருகும். அவற்றின் பின்னாலிருந்து இன்னொரு தலைமுறை. இதைத்தான் காற்றுக் கவாத்து என்கிறோம்.

இதைத் திட்டமிட்டுப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் கார்ல் விட்காம்ப். 1960களின் இறுதியில் அவர் கையில் எடுத்தது காலிப் பால் அட்டைப்பெட்டிகள். அடிப்பாகத்தை நீக்கிவிட்டு, கம்பி வலைமேல் நிறுத்தி, மரக்கன்றுகளை வளர்த்தார். ஆணிவேர் அடிக்கு வந்து காற்றில் கருகியதும் மேலே பக்கவேர்கள் கொத்தாகக் கிளம்பின. கருகிய நுனிக்குப் பின்னால் சுமார் 10 செ.மீ. நீளத்துக்குள்தான் அந்தக் கிளைப்பு நன்றாக நிகழ்கிறது என்றும் அவர் கண்டார். பின்னாளில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். அதே ஓக்லஹோமாவில்தான் 1980களில் மர நாற்றுப் பண்ணைக்காரர்கள் துணிப் பைகளைத் தரையில் புதைத்து அதற்குள் மரக்கன்றுகளை வளர்க்கத் தொடங்கினார்கள். தரைக்குள் இருந்த பை பிறகு தரைக்கு மேலே வந்து தொட்டியானது.

துணித் தொட்டியில் காற்றோடு இழைகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. நுனி இழைகளுக்கு நடுவே புகுந்து சிக்கிக்கொள்கிறது. அதற்கப்பால் மெல்லிய வேர் நீண்டாலும் தடிக்க இடமில்லை. வெளியே ஈரமும் இல்லை. ஒரு பழைய துணித் தொட்டியின் பக்கத்தைக் கிழித்துப் பார்த்தால் சுவரைச் சுற்றி ஓடும் வேர் அநேகமாக இருக்காது. பழுப்பேறிய குட்டை நுனிகள் துணியின் உட்புறத்தில் ஒட்டி நிற்கும். அவற்றுக்குப் பின்னால் நூல்போன்ற வேர்கள் நடுமண்வரை நிறைந்திருக்கும்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. கவாத்து நடக்க வெளியே காற்று இருக்க வேண்டும். துணித் தொட்டிகளை இடைவெளியில்லாமல் நெருக்கி வைத்தால் ஒன்றின் வேர் அடுத்ததற்குள் போய்விடும். மண்தரையில் வைத்தால் அடிவேர் தரைக்குள் இறங்கும். மொட்டை மாடியில் நேரடியாக வைத்தால் ஈரம் காயாத அடிப்பக்கத்தில் வேர் துணியைத் துளைத்துக்கொண்டு தட்டோடுகளின் இடுக்கைத் தேடும். இரண்டு செங்கல்லோ இரும்புத் தாங்கியோ வைத்து உயர்த்திவிட்டால் அடியிலும் கவாத்து நடக்கும், தளமும் காயும்.

அடியில் தேங்கும் நீர்

தொட்டியில் அழுகி இறக்கும் செடிகளில் பல மூச்சுத் திணறி இறக்கின்றன. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் அது பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவாக. மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேருக்கு மூச்சு இல்லை. அழுகல் பூஞ்சைகளுக்கு அதுதான் வசதி.

அடியில் ஓட்டை இருக்கிறதே, நீர் வடிந்துவிடாதா என்றால், முழுதாக வடியாது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே பக்கவாட்டில் நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். அது நின்றதும் செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் சொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், மாறியது உயரம் மட்டும். நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடிக்கும் விசையும் புவியீர்ப்பும் சமமாகும் இடம்வரை அடியில் ஓர் ஈர அடுக்கு நின்றுவிடுகிறது. ஒரே மண்கலவை என்றால் அந்த அடுக்கின் உயரம் எந்தத் தொட்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குட்டைத் தொட்டியில் அது பாதி மண்ணை விழுங்கிவிடும்; உயரமான தொட்டியில் சிறு பகுதியோடு நிற்கும்.

அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகிறது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து ததும்பினால்தான் இறங்கும். ஈர அடுக்கு அடியிலிருந்து ஜல்லியின் தலைக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். வேருக்கு மிச்சமிருக்கும் நல்ல மண்தான் குறையும். ஓட்டையை மண் அடைக்காதிருக்க ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் போதும்.

துணியும் இந்த விதிக்கு விலக்கல்ல. அதன் அடியிலும் ஈர அடுக்கு உண்டு. வேறுபாடு அதன் ஆயுளில்தான். பிளாஸ்டிக்கில் அந்த நீருக்கு மேல்வாய் ஒன்றே வழி, இல்லையென்றால் செடி குடிக்க வேண்டும். துணியில் சுற்றுச்சுவர் முழுவதும் வழி. நீர் வெளியேறும் இடத்தில் காற்று உள்ளே புகும். வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மாடிகளில் துணித் தொட்டிக்கு இருக்கும் பெரிய பலம் இதுவே. வேர் அடைத்துக்கொண்ட ஓட்டை என்ற பேச்சே அதில் கிடையாது.

வெயிலும் வேரும்

நிலத்தில் வளரும் செடியின் வேருக்கு வெயில் தெரியாது. அரை அடி ஆழத்தில் மண்ணின் சூடு பகலும் இரவும் பெரிதாக மாறாது. தொட்டிச் செடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பக்கச்சுவரே வெயிலில் நிற்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் வெயில் படும் ஓரத்தில் மண் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அமெரிக்காவின் தென்மாநில நாற்றங்கால்களில் அளந்து பதிவான ஒன்று. பெரும்பாலான செடிகளின் வேர் வளர்ச்சி அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். அந்தப் பக்கத்து வேர்கள் வெந்துபோக, செடி பாதி வேரோடு நின்று மதியத்தில் துவளும். நாமோ தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம்.

அமெரிக்கக் குறிப்புகள் தொட்டியின் தெற்குப் பக்கத்தைக் காக்கச் சொல்லும். நம் கோடைக்கு அது பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் அது உச்சிக்கு வடக்கே போயிருக்கும். அப்போது சுடுவது மேற்குச் சுவர். காற்றும் மிகச் சூடாக இருக்கும் பிற்பகலில் சாய்ந்த வெயில் நேராக அதன்மேல் அடிக்கிறது. மேற்கு வரிசைத் தொட்டிகளுக்கு முன்னால் பழைய சாக்கோ ஓலைத் தட்டியோ நிறுத்தினால் பின்னால் உள்ள வரிசைகளும் பிழைக்கும்.

துணித் தொட்டி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். குடிநீர்ப் பானையில் நடப்பதும் இதேதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 40 லிட்டர் நீரின் சூட்டை 14 டிகிரி அளவுக்கு இறக்கப் போதுமான வெப்பம் அது. சுவரில் கசியும் ஈரம் அந்த வெப்பத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் பலன் குறையும். வறண்ட உள்மாவட்டக் கோடையில் கூடும்.

சுட்ட களிமண் தொட்டிக்கும் இந்தக் குணம் உண்டு. அதன் சுவரும் நீரைக் கசியவிட்டுக் குளிரும். ஆனால் அதன் துளைகள் வேர் நுனி புகாத அளவு நுண்ணியவை. எனவே கவாத்து நடக்காது, வேர் சுவரை ஒட்டிச் சுற்றும். சுருக்கமாகச் சொன்னால், மண்தொட்டியில் குளிர்ச்சி உண்டு, கவாத்து இல்லை. பிளாஸ்டிக்கில் இரண்டும் இல்லை. துணியில் இரண்டும் உண்டு.

தண்ணீரில் கொடுக்கும் விலை

இத்தனை நன்மையும் சுவர் திறந்திருப்பதால் வந்தது. இனிச் சொல்லப்போகும் தொல்லைகளும் அதே சுவரால்தான்.

ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரம் உள்ள உருளைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 22 லிட்டர். அகலமும் உயரமும் சமமாக உள்ள எந்த உருளையிலும் பக்கச்சுவரின் பரப்பு மேல்வாயின் பரப்பைப்போல 4 மடங்கு. பிளாஸ்டிக் தொட்டியில் மண் ஒரு பங்குப் பரப்பில்தான் காய்கிறது. துணித் தொட்டியிலோ ஐந்து பங்குப் பரப்பு காற்றுக்குத் திறந்திருக்கிறது. அதனால் நீர்ச் செலவு அப்படியே ஐந்து மடங்காகிவிடாது. செடி இலை வழியே விடும் நீர் இரண்டிலும் பொதுதான். ஆனாலும் பிளாஸ்டிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றிய செடிக்குத் துணியில் தினமும், கோடையில் இரண்டு வேளையும் ஊற்ற நேரிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் கோவை, பொள்ளாச்சி மாடிகளில் மேகமூட்டமான நாளிலும் துணி காய்ந்துவிடும்.

இந்தக் கணக்கிலேயே ஒரு தப்பிக்கும் வழியும் இருக்கிறது. அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு 4 மடங்குதான் கூடும். கொள்ளளவு 8 மடங்கு கூடும். லிட்டருக்கு இவ்வளவு பரப்பு என்று பார்த்தால் பெரிய தொட்டியில் அது பாதியாகிவிடும். ஆகவே துணித் தொட்டி பெரிதாக இருப்பதே நல்லது. ஐந்து லிட்டர் துணிப் பையில் கோடையில் செடி வைப்பது நாள் முழுக்கக் காவல் காக்கும் வேலை.

காயவிட்டுவிட்டால் தொல்லை இரட்டிப்பாகும். காய்ந்த துணியில் குளிர்ச்சி இல்லை. கறுப்பு நிறம் வெயிலை வாங்குவது மட்டும் நிற்காது. இறுகிய மண்ணும் பாலிபுரொப்பிலீனும் நீரை உடனே ஏற்காது. ஊற்றிய நீர் ஓரமாக இறங்கிப் பக்கச்சுவர் வழியே வழிந்து ஓடும். தளம் நனைந்ததைப் பார்த்து நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம். நடுமண் காய்ந்தே கிடக்கும். முதலில் கொஞ்சம் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். மிகவும் காய்ந்துவிட்டால் அகலத் தட்டில் நீர் வைத்துத் தொட்டியை அதில் நிறுத்தினால் துணியும் மண்ணும் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தட்டை மறக்காமல் கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நீர் போதும்.

அடுத்தது உப்பு. நீர் ஆவியாகும், அதில் கரைந்திருப்பது ஆவியாகாது. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை ஊற்றும் வீடுகளில் சில மாதங்களிலேயே துணியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு படியும். அது சுண்ணாம்பும் உர உப்பும் கலந்தது. பார்க்க அசிங்கம் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. அது துணியின் துளைகளை அடைக்கும், ஓரத்து வேர்களைக் கரிக்கும். சரியாகக் கழுவாத தென்னை நார்க்கழிவு இருந்தால் அதிலுள்ள சோடியமும் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் தயாராகும் 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். ஊறிய பிறகு ஓரிரு முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்தே தொட்டியில் போட வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியை மழையில் நனையவிட்டால் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி வெளியேறும். மற்ற மாதங்களில் அவ்வப்போது அடியில் நீர் நன்றாக வெளியேறும்வரை ஊற்றி அலச வேண்டும்.

ஆயுளையும் சொல்லிவிட வேண்டும். பாலிபுரொப்பிலீன் புற ஊதாக் கதிரில் நொறுங்கும் பொருள். கார்பன் பிளாக் கலந்தால் தாங்கும். பெரும்பாலான பைகள் கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தாலும் நம் வெயிலில் சில ஆண்டுகளில் விளிம்பு முதலில் உதிரத் தொடங்கும். பேர்தான் துணி, மட்காது. உதிரும் இழைகள் மண்ணில் நுண்பிளாஸ்டிக்காகத் தங்கும். கையால் தேய்த்தால் தூளாகும் பையை அதற்குமேல் வைத்திருப்பது நல்லதல்ல.

எந்தச் செடிக்கு எது

முடிவு செடி எத்தனை காலம் தொட்டியில் இருக்கும் என்பதைப் பொறுத்தது. கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி போன்றவை வேர் சுவரில் முட்டிச் சுற்றுவதற்குள் அறுவடையாகிவிடும். அவற்றுக்குத் துணி வாங்குவது வீண்செலவு. பழைய பிளாஸ்டிக் தொட்டியோ பாலித்தீன் பையோ போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் நடுவில் நிற்பவை. மழைக்காலப் பட்டத்தில் துணி அவற்றை அழுகலிலிருந்து காக்கும். கோடைப் பட்டத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் துணியில் வைக்கலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை, செம்பருத்தி, குட்டை மா என்று ஆண்டுக்கணக்கில் தொட்டியிலேயே வாழப்போகும் செடிகளுக்கும், பின்னால் நிலத்துக்குப் போகப்போகும் மரக்கன்றுகளுக்கும் துணித் தொட்டி கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கையில் இருப்பது பிளாஸ்டிக் தொட்டிதான் என்றால் தூக்கி எறிய வேண்டாம். வெளிப்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் சூடு குறையும். பக்கச்சுவரின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் போட்டால் ஈர அடுக்குக்குக் காற்று கிடைக்கும், துளை தேடி வரும் வேர் நுனிகளும் கருகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செடியை உருவி, ஓரத்துச் சுருள்வேரை ஓர் அங்குலத்துக்குச் சீவிவிட்டுப் புதுமண் நிரப்பினால் துணி தானாகச் செய்யும் வேலையை நீங்கள் கையால் செய்ததாகிவிடும். ஊருக்குப் போனால் நான்கு நாள் நீர் ஊற்ற ஆளில்லை, மாடியிலுள்ள குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதே வாரம் இரண்டு முறை என்ற வீட்டுக்கு, துளை போட்டு வெள்ளையடித்த பிளாஸ்டிக் தொட்டியும் வேரைச் சீவ ஒரு கத்தியுமே சரியான தேர்வு.